கோயில் கொடையில் கார்ட்லெஸ் மைக் கரகரப்பு: கையடக்க ஃப்ரீக்வென்சி கவுண்டர் ஆளைக் காட்டிக் கொடுக்குமா?

நாங்குநேரி மைக் செட் | ஜூன் 24, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். நாங்குநேரி வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாக மைக் செட் தொழில் செய்கிறேன். சென்ற மாதம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைக்கு (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா) வில்லுப்பாட்டு. கதை பாடும் புலவர் அம்மாவுக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று என்று மூன்று கார்ட்லெஸ் மைக் கொடுத்திருந்தேன். மதியக் கொடை பழுதில்லாமல் போனது. நள்ளிரவுச் சாமக்கொடையில் கதை உச்சத்துக்குப் போய், சாமியாடிக்கு அருள் வரும் நேரத்தில் உடுக்கை மைக் தவளை போலக் கத்தத் தொடங்கிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து நின்றேன்.

அதே இரவு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரிலும் கொடை. அங்கே செட் போட்டவருக்கும் எனக்கும் தொழிலில் பழைய மனத்தாங்கல் உண்டு. அவருடைய மைக்தான் என்னுடையதில் ஏறி அடிக்கிறது என்பது என் முடிவு. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று இணையத்தில் ஒரு கையடக்க ஃப்ரீக்வென்சி கவுண்டர் (ஒலிபரப்பாகும் அலையின் அதிர்வெண்ணை எண்ணிக் காட்டும் கருவி) வாங்கினேன். 27 மெகாஹெர்ட்ஸ் முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வரை காட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

வீட்டில் ஆண்டெனாவை மாட்டி ஆன் செய்தால் எண்கள் நிற்காமல் ஓடுகின்றன. 412 என்கிறது, உடனே 87 என்கிறது, பிறகு 1130. சுற்றிலும் வாழைத்தோட்டம், ஒலிபரப்பு செய்ய ஒரு ஆள் கிடையாது. கருவி கோளாறா, நான் கோளாறா? அடுத்த கொடை ஆடியில் வருகிறது. அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

பேட்டை ரிப்பேர் | ஜூன் 24, இரவு 10.41

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மைக்கை அது இந்த ஜென்மத்தில் காட்டாது. திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள்.

பொருநை 73 | ஜூன் 25, காலை 6.20

பேட்டையார் சொன்னது பாதிதான் சரி அண்ணாச்சி. திருப்பி அனுப்ப வேண்டாம். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொண்டால் பெட்டியில் இருக்க வேண்டிய பொருள்தான். அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கிய நாளிலிருந்து என் பையிலும் ஒன்று இருக்கிறது.

முதலில் ஓடும் எண்கள். வானொலிப் பெட்டி ஓர் அலைவரிசையைத் தேர்ந்தெடுத்து மற்றதையெல்லாம் தள்ளிவிடும். கவுண்டருக்கு அந்தத் தேர்வே கிடையாது. ஆண்டெனாவில் வருவது எதுவானாலும் பெருக்கி, ஒரு வகுப்பியால் வேகத்தைக் குறைத்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று எண்ணிக் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அருகில் எதுவும் ஒலிபரப்பாகவில்லை என்றால் தன் பெருக்கியின் சொந்த இரைச்சலையே எண்ணத் தொடங்கிவிடும். நீங்கள் பார்த்த 412, 87, 1130 எல்லாம் அதுதான். ஓடிக்கொண்டே இருந்தால் "ஒன்றுமில்லை" என்று பொருள். ஒரே எண்ணில் நின்றுவிட்டால்தான் சேதி.

மேலப்பாளையம் ஆட்டுச் சந்தையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வானொலி என்பது அந்த இரைச்சலுக்குள்ளும் நம் ஊர்க்காரர் பேரம் பேசும் குரலைப் பிரித்துக் கேட்கிற காது. கவுண்டர் என்பது யார் நம் காதருகே வந்து மிக உரக்கக் கத்துகிறாரோ அவரை மட்டும் கேட்கிற காது. இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே அளவு கத்தினால் இருவரையும் விட்டுவிட்டு உளறும். ஒருவர் மற்றவரைவிட நன்றாகவே உரத்துக் கத்த வேண்டும்.

அடுத்தது தூரம். நல்ல வானொலிப் பெட்டி 0.2 மைக்ரோவோல்ட் கிடைத்தால் பேச்சைப் பிரித்துவிடும். இந்தக் கவுண்டர்களுக்கு இரண்டு மூன்று மில்லிவோல்டாவது வேண்டும். அதாவது பத்தாயிரம் மடங்கு. அலையின் மின்னழுத்தம் தூரத்துக்கு நேர் எதிராகக் குறைகிறது. தூரம் இரட்டித்தால் அழுத்தம் பாதி. ஆகவே வானொலி 10 கிலோமீட்டரில் கேட்பதைக் கவுண்டர் 1 மீட்டரில்தான் உணரும். கணக்கு திறந்தவெளிக்கு உரியது, நடைமுறையில் முன்பின் இருக்கும். என் அனுபவத்தில் 5 வாட் வாக்கி டாக்கி என்றால் ஐம்பது முதல் நூறு மீட்டர். உங்கள் கார்ட்லெஸ் மைக் 10 மில்லிவாட் அளவில் இருக்கும். அதற்கு மூன்று நான்கு மீட்டர்.

காது மந்தம் என்பது இங்கே குறை இல்லை. எண் நின்றுவிட்டால் ஒலிபரப்பும் கருவி பக்கத்தில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். வானொலிப் பெட்டியால் அதைச் சொல்ல முடியாது.

நாங்குநேரி மைக் செட் | ஜூன் 25, காலை 8.05

அப்படியென்றால் அவருடைய மைக்கைப் பிடிக்க அவருடைய மேடைக்கே போய் நிற்க வேண்டுமா? அதற்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

வள்ளியூர் டீச்சர் | ஜூன் 25, மாலை 5.30

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்த எண் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று யாராவது சொல்லுங்களேன். ஒரு விநாடி எண்ணினால் ஒரு ஹெர்ட்ஸ் வரை துல்லியம், பத்தில் ஒரு விநாடி எண்ணினால் பத்து ஹெர்ட்ஸ் வரை என்பது புரிகிறது. ஆனால் அந்த "ஒரு விநாடி"யை அளப்பது உள்ளே இருக்கும் படிகம்தானே? கடிகாரமே தப்பாக ஓடினால்?

பொருநை 73 | ஜூன் 25, இரவு 9.12

சரியான இடத்தைத் தொட்டீர்கள் டீச்சர். வெப்ப ஈடு செய்யப்பட்ட படிகம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை என்று போட்டிருப்பார்கள். 145 மெகாஹெர்ட்ஸில் அது 145 ஹெர்ட்ஸ், 640 மெகாஹெர்ட்ஸில் 640 ஹெர்ட்ஸ். திரையில் கடைசி மூன்று இலக்கங்கள் அழகுக்குத்தான். அதையும் கத்திரி வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால் இன்னும் நகர்ந்திருக்கும். மைக் விவகாரத்துக்குக் கடைசியிலிருந்து நான்காவது இலக்கம் வரை போதும்.

இன்னொன்று. பண்பலை முறையில் பேசும்போது அலை மையத்திலிருந்து இருபுறமும் ஆடும். மைக்கை வாய் மூடி வைத்து அளக்க வேண்டும். உடுக்கையை அடித்துக்கொண்டே அளந்தால் எண் துள்ளும்.

தாமிரபரணி 05 | ஜூன் 26, பகல் 1.44

அண்ணன்மார்களே, இதை வைத்துக் காவல்துறை வயர்லெஸ் எந்த அதிர்வெண்ணில் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கலாமா? அப்புறம் விஜயநாராயணத்தில் கடற்படைக் கோபுரங்கள் இருக்கின்றனவே, அதன் பக்கத்தில் போய் நின்றால் எண் வருமா? நண்பர்களோடு பைக்கில் போகலாம் என்று இருக்கிறோம்.

மட்டுறுத்துநர் | ஜூன் 26, பகல் 2.10

தம்பி, முதல் கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. பிறருக்கான செய்தியை இடைமறித்துக் கேட்பது சட்டப்படி குற்றம். இரண்டாவது இடம் பாதுகாப்புத் துறையுடையது. வேலி ஓரம் கையில் ஆண்டெனா நீட்டிய கருவியோடு மூன்று இளைஞர்கள் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அறிவியல் விளக்கம் கேட்டால் யாராவது சொல்வார்கள். பைக் பயணத்தைக் குற்றாலத்துக்குத் திருப்பிவிடுங்கள், சாரல் தொடங்கிவிட்டது.

பொருநை 73 | ஜூன் 26, இரவு 8.55

தம்பியின் ஆர்வத்தை முழுக்க அணைக்க வேண்டாம். விஜயநாராயணத்தில் இருப்பது ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990இல் தொடங்கிய நிலையம். 471 மீட்டர் உயரக் கோபுரங்கள். நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதற்கானது. அதன் அதிர்வெண் 18.2 கிலோஹெர்ட்ஸ் என்பது உலகமெங்கும் பட்டியல்களில் உள்ள செய்திதான், இரகசியம் ஒன்றுமில்லை. அலையின் நீளம் சுமார் 16.5 கிலோமீட்டர். கடல்நீர் சாதாரண வானொலி அலையை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். இவ்வளவு நீண்ட அலைதான் சில மீட்டராவது உள்ளே இறங்கும்.

நாங்குநேரியாருடைய கவுண்டர் 27 மெகாஹெர்ட்ஸிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். கோபுரத்தின் அடியில் நின்றாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. பாளையங்கோட்டை வானொலி நிலையத்தின் 1197 கிலோஹெர்ட்ஸும், தூத்துக்குடியின் 200 கிலோவாட் 1053 கிலோஹெர்ட்ஸும்கூட அதற்குக் காதில் விழாத ஒலிதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்தபடி, ஒரு மரச்சட்டத்தில் செம்புக் கம்பியை நிறையச் சுற்றிக் கணினியின் மைக் துளையில் செருகினால் 18.2 கிலோஹெர்ட்ஸ் கோடு திரையில் தெரியும். கணினியின் ஒலி அட்டை விநாடிக்கு 48,000 மாதிரி எடுத்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம். செய்தி என்ன என்பது யாருக்கும் புரியாது, புரியவும் வேண்டாம். சூரியனில் பெருஞ்சுடர் எழும்போது அந்தக் கோட்டின் வலிமை திடீரென்று மாறுவதைப் பார்த்து அயனி மண்டலத்தை ஆராய்கிறார்கள்.

வள்ளியூர் டீச்சர் | ஜூன் 26, இரவு 9.30

இதை அறிவியல் கண்காட்சிக்குக் குறித்துக்கொண்டேன். எத்தனை சுற்று, சட்டம் எவ்வளவு பெரிது என்பதைத் தனி இழையில் எழுதுங்கள், நாங்குநேரி அண்ணாச்சி கோபப்படப் போகிறார்.

உவரி வள்ளம் | ஜூன் 27, காலை 11.02

கவுண்டரைத் திருப்பி அனுப்பச் சொன்ன பேட்டையாருக்காக இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் விடியலில் எங்கள் கரையில் எல்லா மீன்பிடி வள்ளத்திலும் வயர்லெஸ் செட்டின் 16ஆம் அலைவரிசை அடைத்துக்கொண்டது. ஆபத்தில் அழைக்கிற அலைவரிசை அதுதான், 156.8 மெகாஹெர்ட்ஸ். பேச்சு இல்லை, வெறும் அமைதி. ஆனால் வேறு யாரும் அழைத்தால் கேட்கவில்லை. எவரோ ஒருவருடைய கைச்செட்டில் பேசும் பட்டன் அழுங்கிக் கிடக்கிறது என்று புரிந்துவிட்டது. எவருடையது என்றுதான் தெரியவில்லை. கரையில் எண்பது தொண்ணூறு வள்ளம். பாதிப் பேர் வீட்டில் தூக்கம். பேட்டரி தீரும்வரை காத்திருக்கலாம் என்றார்கள் சிலர். கடலில் இருந்தவர்களை நினைத்து எனக்கு மனம் கேட்கவில்லை.

என் மருமகன் செட் பழுது பார்ப்பவன். அவனிடம் இருந்த கவுண்டரை வாங்கிக்கொண்டு மணலில் இறங்கினேன். நீண்ட ஆண்டெனாவைப் போட்டபோது ஒரே குழப்பம். ஆலயத்துக்கு எதிரே நின்றாலும் 156.799, நூறடி தள்ளி நின்றாலும் 156.799. எண் தெரிகிறது, இடம் தெரியவில்லை. மருமகனுக்குப் போன் செய்தேன். ஆண்டெனாவைக் கழற்றி எறியுங்கள் மாமா, விரல் நீளத்துக்கு ஒரு கம்பியைச் செருகுங்கள் என்றான். செருகினேன். எண் அழிந்து ஓடத் தொடங்கியது. வடக்கே நடந்தால் ஒன்றுமில்லை. தெற்கே திரும்பி நடந்தேன். இருபதாவது வள்ளமோ என்னவோ, எண் நின்றது. இன்னும் கம்பியைக் குட்டையாக்கினேன். இப்போது ஒரு வள்ளத்தருகில் மட்டும் நின்றது, பக்கத்து வள்ளத்தருகில் போனால் ஓடியது.

வலைக் குவியலுக்கு அடியில், தார்ப்பாய்க்குள், ஐஸ் பெட்டி ஏறி அழுத்தியபடி கிடந்தது செட். தொட்டால் சுட்டது. யாருடையது என்று எழுத மாட்டேன், அவர் என் சம்பந்தி முறை.

பொருநை 73 | ஜூன் 27, பகல் 12.15

அருமை. பெரிய ஆண்டெனாவில் தொடங்கி நெருங்க நெருங்கக் குட்டையாக்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நெருங்கும்போது ஆண்டெனாவை நீட்டி, எங்கும் ஒரே எண் வருகிறதே என்று முழிப்பார்கள். 156.8க்குக் கால் அலைநீளம் 48 சென்டிமீட்டர், உங்கள் மருமகன் அதைத்தான் முதலில் போட்டிருந்திருப்பார். கருவியை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து மெதுவாகச் சுற்றினாலும் திசை ஓரளவு தெரியும். உடம்பு அலையை மறைக்கும்; முதுகு ஒலிபரப்பியைப் பார்த்திருக்கும்போது எண் நழுவும்.

156.799 என்று காட்டியது செட்டின் குற்றமா கவுண்டரின் குற்றமா என்று ஒரு கவுண்டரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

குற்றாலச் சாரல் | ஜூன் 28, இரவு 7.50

நான் அடிக்கடி தனியாகப் பயணம் செய்யும் பெண். சீசனுக்குக் குற்றாலத்தில் லாட்ஜில் தங்க வேண்டியிருக்கிறது. இந்தக் கருவியால் அறையில் ஒளித்து வைத்த கேமராவைக் கண்டுபிடிக்க முடியுமா? விற்பவர்கள் எல்லாரும் முடியும் என்றுதான் போடுகிறார்கள்.

பேட்டை ரிப்பேர் | ஜூன் 28, இரவு 8.20

அம்மா, விற்பவர்கள் அப்படித்தான் போடுவார்கள். உண்மையைச் சொல்கிறேன். பழைய காலக் கேமரா 1.2 அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸில் படத்தை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அதைக் கவுண்டர் அழகாகப் பிடிக்கும். இப்போது வருவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று வைஃபை. அது துண்டு துண்டாக, அகலமான பட்டையில் அனுப்பும். கவுண்டரில் 24 என்று தொடங்கி ஏதாவது மின்னி மறையும். அது கேமராவா, வராந்தாவில் தொங்கும் லாட்ஜ் வைஃபை பெட்டியா, உங்கள் கைப்பேசியா என்று சொல்லாது. புளூடூத் இன்னும் மோசம், விநாடிக்கு 1600 தடவை அதிர்வெண் மாறும். மற்றது மெமரி கார்டில் பதிந்து வைக்கிற கேமரா. அது எதையுமே அனுப்பாது. எதையும் அனுப்பாததை எந்தக் கவுண்டரும் காட்டாது.

விளக்கை அணைத்து, டார்ச்சைக் கண்ணருகே பிடித்து, கண்ணாடி, புகை உணரி, சார்ஜர், கடிகாரம் ஆகியவற்றின் மீது மெதுவாக அடித்துப் பாருங்கள். லென்ஸ் இருந்தால் சிறு புள்ளியாக மின்னும். காசு செலவில்லை. சந்தேகம் இருந்தால் அறையை மாற்றச் சொல்லுங்கள், அதற்குக் காரணம் கூறத் தேவையில்லை.

குற்றாலச் சாரல் | ஜூன் 28, இரவு 8.44

நன்றி அண்ணாச்சி. காசு மிச்சம்.

கயத்தாறு காற்றாடி | ஜூலை 1, இரவு 11.20

காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். நாங்குநேரியாரிடம் ஒரு கேள்வி. அந்தக் கொடையில் அலங்காரச் சீரியல் செட் விளக்குகள் மேடைக்கு எவ்வளவு அருகில் இருந்தன? அவற்றின் மலிவான அடாப்டர்கள் கக்கும் இரைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் இன்வெர்ட்டர் அறைகளிலும் இதே தொல்லை. இவ்வகை இரைச்சல் ஓர் அதிர்வெண்ணில் நிற்காது, பட்டை முழுக்கப் பரவிக் கிடக்கும். கவுண்டர் அதை எண்ண முடியாமல் ஆடும். அதைத் தேட ஒரு பழைய பாக்கெட் ரேடியோ போதும். மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து அடாப்டர் அருகே கொண்டுபோனால் "உர்ர்" என்று சத்தம் ஏறும்.

நாங்குநேரி மைக் செட் | ஜூலை 2, காலை 7.15

சீரியல் செட் பந்தல் முழுக்க இருந்தது. ஆனால் மதியத்திலும் எரிந்துகொண்டுதான் இருந்தது, அப்போது கரகரப்பு இல்லை. புலவர் அம்மா மைக்கிலும் இல்லை. உடுக்கையில் மட்டும்தான்.

பேட்டை ரிப்பேர் | ஜூலை 2, காலை 9.00

மைக்குகள் எவ்வளவு பழையவை? 700 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்கிற பழைய கார்ட்லெஸ் மைக்குகளோடு இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை முதன்முறையாக விற்பனையாகி, ஜியோ அதில் 5ஜி நடத்துகிறது. கைப்பேசிக் கோபுரத்துக்கு எதிரே அந்த மைக்கை வைத்துப் பாட்டுக் கச்சேரி நடத்த முடியாது. உங்களுடையது எந்தப் பட்டை என்று பெட்டியைப் பாருங்கள்.

நாங்குநேரி மைக் செட் | ஜூலை 2, இரவு 9.40

பெட்டி எலி தின்றுவிட்டது. இரண்டு மைக் ஒரே செட்டில் வந்தவை, அதிர்வெண் மாற்ற முடியாது. மூன்றாவது என் மைத்துனரிடம் கடனாக வாங்கியது, திரையில் சானல் எண் மாற்றலாம். ஆனால் 1, 2, 3 என்றுதான் காட்டுகிறது, மெகாஹெர்ட்ஸ் காட்டாது. அதைத்தான் உடுக்கைக்குக் கொடுத்தேன்.

பொருநை 73 | ஜூலை 2, இரவு 9.58

அண்ணாச்சி, அந்தக் கவுண்டர் இதற்காகவே பிறந்தது. எதிர்த்தரப்பை விடுங்கள். முதலில் உங்கள் மூன்று மைக்கையும் அளந்து எண்ணை இங்கே போடுங்கள். ஒன்றை அளக்கும்போது மற்ற இரண்டின் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். ஒரு சாண் தூரம், குட்டை ஆண்டெனா, மைக்கில் பேச வேண்டாம்.

நாங்குநேரி மைக் செட் | ஜூலை 3, காலை 10.30

அளந்துவிட்டேன். மூன்று முறை அளந்தேன், கல் போல நிற்கிறது.
புலவர் மைக் 640.250
பின்பாட்டு மைக் 645.250
உடுக்கை மைக் 650.250
5ஜி விவகாரம் இல்லை போலிருக்கிறது. ஒன்றுக்கொன்று 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கிறது, மோதவே வழியில்லை. ஆகவே நான் முதலில் சொன்னதுதான்.

வள்ளியூர் டீச்சர் | ஜூலை 3, மாலை 4.50

ஒரு நிமிடம். இடைவெளி இவ்வளவு அழகாக இருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. 645.25ஐ இரட்டித்து 640.25ஐக் கழித்துப் பாருங்கள்.

நாங்குநேரி மைக் செட் | ஜூலை 3, மாலை 5.20

1290.5 கழித்தல் 640.25. 650.25 வருகிறது. அதனால் என்ன டீச்சர்?

பொருநை 73 | ஜூலை 3, மாலை 6.05

டீச்சர் முந்திக்கொண்டார். இரண்டு ஒலிபரப்பிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஒன்றின் அலை மற்றதின் வெளியீட்டுப் பெருக்கிக்குள் நுழைந்து கலக்கும். கலந்தால் இல்லாத மூன்றாவது அலை ஒன்று பிறக்கும். ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது அது. மைக்கின் அலையை வாங்கும் ரிசீவரின் முன்பகுதியிலும் இதே கலப்பு நடக்கும். உங்கள் புலவர் மைக்கும் பின்பாட்டு மைக்கும் சேர்ந்து பெற்ற பிள்ளை நேராக 650.25இல், உடுக்கை மைக்கின் மடியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

கவுண்டரில் இந்தப் பிள்ளை தெரியாது. பெற்றவர்களைவிட மிகமிக மெலிந்தது. சத்தமாக இருப்பவரைத்தான் அது எண்ணும் என்று முதலிலேயே சொன்னேன். அது பெற்றோர் எண்ணைக் கொடுத்தது, மீதியைக் கழித்தல் கணக்கு கொடுத்தது.

நாங்குநேரி மைக் செட் | ஜூலை 3, இரவு 8.30

நம்ப முடியவில்லை. மதியம் ஏன் வரவில்லை?

பொருநை 73 | ஜூலை 3, இரவு 8.41

மதியம் மூன்றும் ஒரே நேரத்தில் ஆன் ஆகியிருந்தனவா? எப்படி உட்கார்ந்திருந்தார்கள்?

நாங்குநேரி மைக் செட் | ஜூலை 3, இரவு 9.15

யோசித்துப் பார்த்தேன். மதியம் பின்பாட்டுக்காரர் வயர் மைக்கில்தான் பாடினார். சாமத்தில்தான் கார்ட்லெஸ் கேட்டார். அதோடு சாமத்தில் கூட்டம் நெருக்கியதால் குழு முழுவதும் வில்லோடு ஒட்டி உட்கார்ந்தது. புலவருக்கும் பின்பாட்டுக்கும் இடையில் ஒரு குடம்தான் இருந்தது.

வள்ளியூர் டீச்சர் | ஜூலை 3, இரவு 9.25

சோதனை செய்துவிடுங்கள் அண்ணாச்சி. உடுக்கை மைக்கை அணைத்துவிட்டு அதன் ரிசீவரை மட்டும் ஆன் செய்து வையுங்கள். மற்ற இரண்டு மைக்கையும் ஆன் செய்து பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். மைக்கே இல்லாத ரிசீவரில் சிக்னல் விளக்கு எரிந்தால் கதை முடிந்தது. பிறகு இரண்டு மைக்கையும் விலக்கிப் பாருங்கள்.

நாங்குநேரி மைக் செட் | ஜூலை 4, காலை 6.50

எரிகிறது. இரண்டையும் ஒட்டிப் பிடித்தால் எரிகிறது, இரண்டு எட்டு விலகினால் அணைகிறது. என் மனைவியை ஒரு மைக்கோடு நிற்கவைத்து முற்றத்தில் பத்து முறை பார்த்தேன். அவள் பைத்தியம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இருபது வருடமாக ஒரு மனிதரை மனதில் திட்டிக்கொண்டிருந்தேன். சரி, அது போகட்டும். இப்போது என்ன செய்ய? முதல் இரண்டையும் மாற்ற முடியாது.

பொருநை 73 | ஜூலை 4, காலை 7.30

மூன்றாவதை நகர்த்துங்கள். 635.25, 650.25 இரண்டும் ஆகாது. 642.75உம் ஆகாது, நடுவில் சரிபாதியில் உட்கார்ந்தால் அதன் இருமடங்கு மற்ற இரண்டையும் மாற்றி மாற்றி அடிக்கும். இடைவெளிகள் சமமாக இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வித்தை. சானலை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் கவுண்டர் காட்டும் எண்ணை மைக்கின் அடியில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பிறகு நாம் சேர்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்போம்.

நாங்குநேரி மைக் செட் | ஜூலை 5, இரவு 8.00

பதினாறு சானலும் அளந்து எழுதிவிட்டேன். 653.100 என்று ஒன்று இருக்கிறது. இடைவெளி 5, 7.85. டீச்சர் கணக்குப் போட்டுச் சரி என்று தனிமடலில் சொன்னார்.

உவரி வள்ளம் | ஜூலை 5, இரவு 8.12

பேட்டையாரைக் காணோமே.

பேட்டை ரிப்பேர் | ஜூலை 5, இரவு 10.05

இருக்கிறேன். திருப்பி அனுப்பச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இரண்டு கிலோமீட்டர் மைக்கை அது காட்டாது என்று சொன்னது அப்படியே நிற்கிறது.

நாங்குநேரி மைக் செட் | ஜூலை 25, காலை 11.40

நேற்று இரவு ஆடிக் கொடை. அதே புலவர் அம்மா, அதே குழு, அதே நெருக்கம். மூன்று மைக்கும் ஆன். சாமக்கொடையில் உடுக்கை ஒலி கணீரென்று தெருக்கோடி வரை கேட்டது. சீரியல் செட் அடாப்டர்களையும் மேடையிலிருந்து தள்ளி வைத்தேன், கயத்தாறு தம்பி சொன்னதற்காக.

கூட்டத்தில் அந்த இன்னொரு செட்டுக்காரரும் இருந்தார். விடியும்போது டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்கள் மைக் எப்படி இவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது அண்ணாச்சி, என்னுடையதில் நான்கு மைக் போட்டால் ஒன்று எப்போதும் கத்துகிறதே என்று கேட்டார். பையிலிருந்து கவுண்டரை எடுத்துக் காட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்குக் கொடை இருக்கிறதாம், வந்து அளந்து தர முடியுமா என்கிறார். போகலாம் என்றுதான் இருக்கிறேன். நான்கு மைக்குக்கு இந்தக் கழித்தல் கணக்கை எப்படிப் போடுவது என்று டீச்சர் கொஞ்சம் எழுதுங்கள். அதற்கு வாடகை கேட்கலாமா, சும்மா செய்துகொடுத்துவிடலாமா என்பதைப் பேட்டையார் சொல்லட்டும்.

பேட்டை ரிப்பேர் | ஜூலை 25, பகல் 12.02

டீயும் வடையும் அவர் கணக்கில். வேறு எதுவும் வாங்காதீர்கள்.